பாப்புவுக்குப் பசிக்கிறது

கிண்ணம் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

பாப்புவின் அறைக் கதவுக்கு வெளியே போட்டிருந்த முக்காலியின் மேல், மதியம் அம்மா வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், அந்தச் சின்ன எவர்சில்வர் கிண்ணம் திரும்ப வந்திருந்தது. அடியில் ஒரு சொட்டு சூப் இல்லை. ஓரத்தில் எப்போதும் காய்ந்து ஒட்டியிருக்கும் மஞ்சள் கோடுகூட இல்லை. மழை மேகம் மூடிய பிற்பகலின் மங்கிய வெளிச்சத்தில், மின்விசிறியின் முனகலைத் தவிர வேறு சத்தமே இல்லாத அந்த வீட்டில், கிண்ணம் மட்டும் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்ததுபோலப் பளபளத்துக்கொண்டிருந்தது. அம்மா கூடத்தின் மறுகோடியில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு முகமூடிகளுக்குள் மூச்சுவிட்டபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பாப்பு அப்படிச் சாப்பிடுகிறவள் இல்லை. இப்போது இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பாப்புவின் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய்போலத் தைத்திருந்தார்கள். வெட்டியெடுத்த பகுதியோடு பசியும் பெரும்பாலும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது அப்படியே பலித்தது. நாலு ஸ்பூன் சூப் உள்ளே இறங்குவதற்குள் சூப் ஆறிப்போய்விடும். “பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சும்மா,” என்று பாப்பு ஒருநாள் சொன்னாள். அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று அம்மா கவனிக்கவில்லை. அம்மா அப்போது எடை மெஷினின் முள்ளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை யோசனை பெரியம்மாவுடையது. அம்மாவின் அக்கா, வேறு ஊரில் இருந்துகொண்டு போனிலேயே இந்த வீட்டை நடத்துகிறவள். “ஸ்கூல் மூடிக்கிடக்கு. வீட்டுக்கு ஒருத்தரும் வரப்போறதில்ல. இப்போ பண்ணாம வேற எப்போடி பண்ணுவ? எல்லாம் திறக்கும்போது புதுப் பொண்ணா வெளிய வரட்டும். பழையவ எங்க போனான்னு எல்லாரும் தேடணும்.”

பாப்புவுக்குப் பதினாறு வயது. அவள் அளவுக்குக் கடையில் எதுவும் கிடைக்காது. அம்மாதான் தைத்தாள். தைக்க அளவெடுக்கும் ஒவ்வொரு முறையும் அளவு நாடாவைப் பாப்புவின் இடுப்பைச் சுற்றி இழுத்து, முனை முனையைத் தொடாத எரிச்சலில், துணி கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். வெட்கம் வந்தாலாவது வாய் அடங்கட்டும் என்று. பாப்பு கையைத் தூக்கியபடி கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பள்ளியில் அவளுக்கு இருந்த பெயர் பூசணி. அது வீட்டுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சரக்குக் கப்பலில் மெக்கானிக். துறைமுகம் துறைமுகமாக உள்ளே விட மறுத்ததால் கப்பலோடு எங்கோ கடலில் நின்றுகொண்டிருந்தார். அதனால் கையெழுத்துப் போட்டது அம்மாதான்.

ஊரையே முடக்கிய நோய் கொஞ்சம் அடங்கியிருந்த இடைவெளியில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததும் பாப்புவின் உடம்பு கரையத் தொடங்கியது. அதே வாரங்களில் பிள்ளைகளுக்கு இதைச் செய்துவைத்த அம்மாக்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யார் பிள்ளை எவ்வளவு குறைந்தது என்று தினமும் படம் போடுவார்கள். பாப்புவின் முள்தான் எல்லோருடையதையும்விட வேகமாக இறங்கியது. வாழ்நாளில் முதல்முறையாக அம்மாவுக்கு மகளை வைத்துப் பெருமை வந்தது. பழைய சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே தள்ளி, மறுபடி ஓட்டிக்கொண்டே இருந்தாள். மெஷின் ஓடும் சத்தம் அவளுக்குப் பாட்டுப்போல இருந்தது.

அப்புறம் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. தெருவில் ஆம்புலன்ஸ் தவிர எதுவும் ஓடவில்லை. அந்த வாரத்தில்தான் பாப்புவுக்குக் காய்ச்சல் வந்தது.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. சின்ன வயதிலிருந்தே. இந்த நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டிவியில் சொன்ன ரகம். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் செய்த முதல் காரியம் பாப்புவை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தியது. கதவின் கீழ் இடுக்கில் கிருமிநாசினி நனைத்த துணியைச் சுருட்டி அடைத்தாள். உள்ளேயே குளியலறை இருந்தது வசதியாகப் போயிற்று. பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய ஆள் ஒருவன் வந்து மூக்கில் குச்சிவிட்டுச் சளி எடுத்துக்கொண்டு போனான். முடிவு வரத் தாமதமாகும், எல்லா இடத்திலும் குவிந்து கிடக்கிறது என்றான். முடிவு எதற்கு? அம்மாவுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளை விசாரிப்பது அவள் வேலை.

“காய்ச்சல் எப்படி இருக்கு? மூச்சு வாங்குதா?”

“கொஞ்சம் வாங்குது.”

“இடது தோள்பட்டை வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாளா? நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு? இது முக்கியம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அன்று காலையில்தான் கதவுக்குப் பின்னாலிருந்து பாப்பு சொல்லியிருந்தாள்: “அம்மா, இடது தோள் குத்துதும்மா. மூச்ச இழுத்தா கத்தி எறங்கற மாதிரி இருக்கு.”

ஆமாம் என்று சொன்னால் நர்ஸ் உடனே கூட்டிவரச் சொல்வாள். கூட்டிப்போக வேண்டுமென்றால் பாப்புவைத் தொட வேண்டும். வண்டியில் அவளுக்குப் பக்கத்தில், அவள் விடும் மூச்சுக்குள் உட்கார வேண்டும். இருமுகிறவர்கள் தரையில் படுத்துக்கிடக்கும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். அதோடு, குழுவில் இருக்கிற அத்தனை அம்மாக்களுக்கும் தெரிந்துபோகும்.

“தோள்பட்டையா? அதெல்லாம் இல்ல. உடம்பு வலிக்குதுன்னுதான் சொன்னா.”

“நிச்சயமா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?”

அன்று சாயங்காலம் முக்காலியில் கிண்ணத்தை வைக்கக் குனிந்தபோது கதவு திறந்தது. திறக்கக்கூடாது என்பது கண்டிப்பு. அம்மா தட்டிவிட்டு விலகிப் போன பிறகுதான் பாப்பு கையை நீட்டி எடுக்க வேண்டும். ஆனால் பாப்பு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வாரம் பிடித்துத் தைத்த இரவுச்சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. உதடு சாம்பல் நிறம். ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

“அம்மா, ஒரே ஒரு தடவ கையப் பிடிச்சுக்கோயேன்.”

அம்மா பின்னால் பாய்ந்ததில் கிண்ணம் கவிழ்ந்தது. “உள்ள போ! போன்னு சொல்றேன்ல! என்னையும் சேத்துச் சாகடிக்கப் பாக்கறியா?”

பாப்பு சிந்திய சூப்பைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

“சரிம்மா.”

கதவு மெதுவாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு வைத்த கிண்ணங்கள் வைத்தபடியே ஆடை படிந்து கிடந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. பாப்புவின் போன் கொஞ்ச நேரம் உள்ளே அடித்தது, பிறகு அதுவும் அணைந்துவிட்டது. தூங்குகிறாள், தூக்கம் நல்லது என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைத் திறந்து பார்க்கலாமா என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சில் இழுப்பு வருவதுபோல் இருக்கும். மருந்துக் குழலை வாயில் வைத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

இன்று, கிண்ணம் காலி.

அம்மா கையுறை மாட்டி அதை எடுத்துச் சமையலறைத் தொட்டியில் போட்டாள். தண்ணீரைத் திறப்பதற்குள் கூடத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“அம்மா. பசிக்குது.”

தெளிவான குரல். காய்ச்சல் நடுக்கமில்லாத, மூச்சு வாங்காத குரல். அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. “இதோ கொண்டுவரேன்டி கண்ணு,” என்று அங்கிருந்தே கத்தினாள். இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுபோய் வைத்தாள், தட்டினாள், விலகி வந்தாள். தாழ் நகரும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தபோது கிண்ணம் முக்காலியில் இருந்தது. பளபளவென்று.

“பசிக்குதும்மா.”

அன்று பாப்பு குடித்தது அவள் ஒரு வாரம் முழுக்கக் குடிக்கும் சூப். இரவு பெரியம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

“காய்ச்சல் விட்டா அப்படித்தான் கேக்கும். அதுக்காக ஊட்டி வளக்காத. மறுபடி ஊதினா, வெட்டினது வீணாப்போயிடும்.”

மறுநாள் சூப் போதவில்லை. அம்மா சோற்றைக் குழைத்து வைத்தாள். முட்டை அவித்து வைத்தாள். உருளைக்கிழங்கை மசித்துப் பால் ஊற்றி வைத்தாள். எல்லாம் போயிற்று. ஒவ்வொரு முறையும் தட்டு திரும்பி வரும்போது முன்னைவிடச் சுத்தமாக, லேசான ஈரத்தோடு இருந்தது. துடைத்த ஈரம் இல்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு வளைந்து வளைந்து போன, அகலமான ஒரே இழுப்பின் ஈரம். கையுறை விரலால் தொட்டபோது பிசுபிசுத்து நூலாக வந்தது.

முட்டை வைத்த தட்டில் உரித்த ஓட்டையும் மறந்து வைத்துவிட்டிருந்தாள். ஓடும் திரும்பி வரவில்லை.

அம்மா குழுவில் எதுவும் போடவில்லை. மெஷினில் உட்கார்ந்து பழைய துணிகளை வெட்டி முகமூடி தைத்தாள். ஊசி இறங்கி ஏறும் சத்தத்துக்கு இடையே, அது நின்ற இடங்களில், காது தானாகவே அறைப்பக்கம் போனது. அங்கிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல. கனமான ஏதோ கொஞ்சம் நகர்ந்து, இளைப்பாறி, மறுபடி கொஞ்சம் நகர்வதுபோல. கட்டில் இருக்கும் மூலையிலிருந்து கதவை நோக்கி வந்தது. கதவுக்கு அருகில் நின்றது. அதன்பின் மெல்லும் சத்தம்.

மெல்லும் சத்தம் இல்லை அது. மெல்ல வேண்டுமென்றால் பல்லோடு பல் படும் ஓசை வேண்டும். இது சப்பும் சத்தம்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. உள்ளே குழாய் திறந்து எவ்வளவு நாளாயிற்று? தண்ணீர் ஊற்றும் சத்தம் எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை? பாப்பு இருமவில்லை. தும்மவில்லை. இத்தனை சாப்பிடுகிறவள் ஒருமுறைகூடக் குளியலறைக்குப் போகவில்லை.

“பாப்பு,” என்று கூப்பிட்டாள். “தோள் வலி எப்படிடி இருக்கு?”

உள்ளே சத்தம் நின்றது.

“அம்மா. பசிக்குது.”

“அதில்லடி. வலி இருக்கா?”

“பசிக்குது.”

குரல் பாப்புவுடையதுதான். ஆனால் நிற்கிறவளின் வாயிலிருந்தோ, படுத்திருக்கிறவளின் வாயிலிருந்தோ அது வரவில்லை. தாழ்வாக இருந்து வந்தது. கதவின் கீழ்ப்பாதியிலிருந்து. அதோடு, ஒரு கெட்டியான மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல, நாலாபக்கமும் ஏதோ மூடியிருக்கும் குரல்.

அம்மா சமையலறைக்குப் போனாள். பானை நிறையச் சோறு வடித்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வைத்துக்கொண்டே இருந்தால் கதவு திறக்காது. அதுமட்டும் புரிந்தது.

அடுத்து ஸ்பூன் திரும்பி வரவில்லை. பிறகு தட்டும் வரவில்லை. ஒரு காலையில் பார்த்தபோது கதவின் கீழ் அடைத்திருந்த துணியைக் காணோம். அவள் முந்தின நாள்தான் கிருமிநாசினி ஊற்றி நனைத்து, கரண்டிக் காம்பால் இறுக்கித் திணித்திருந்தாள். இப்போது இடுக்கு வெறுமையாக, கறுப்பாகக் கிடந்தது. அதற்கு அப்பால் வெளிச்சம் தெரிய வேண்டும். பாப்புவின் ஜன்னல் கிழக்கே பார்த்தது. வெளிச்சத்தை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

வாசல் மணி அடித்தபோது அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

கீழ் வீட்டுக்காரர். மணியை அடித்துவிட்டுப் படிக்கட்டில் பாதி இறங்கி நின்று, கைக்குட்டையை முகமூடிக்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்ல ஏதாவது எலி கிலி செத்துக் கிடக்குதா? எங்க குளியலறை வழியா இறங்குது. ரெண்டு நாளா சோத்துல கை வைக்க முடியல.”

“என்ன இறங்குது?”

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “நாத்தம்மா. உங்களுக்கு வரல? கதவத் திறந்தீங்க பாருங்க, குடலப் பிடுங்குது!” பேசிக்கொண்டே இரண்டு படி இறங்கினார். “முதல்ல அதைத் தேடி எடுத்துப் போடுங்க. இருக்கற வியாதி போதாதா?”

அம்மா கதவைச் சாத்தினாள். முகமூடிகளைக் கழற்றினாள். மூக்கை விரித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கிருமிநாசினிப் புட்டியைத் திறந்து மூக்கருகே வைத்தாள். ஒன்றுமில்லை. காப்பித்தூள் டப்பா. பூண்டு. மண்ணெண்ணெய்ப் புட்டி. தண்ணீரை முகர்வதுபோல இருந்தது. கொஞ்ச நாளாகவே சாப்பாடு மண்ணாக இருக்கிறதே, கவலையில் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவ்வளவு பயந்து, அவ்வளவு துணி அடைத்து, பெற்ற பிள்ளை நீட்டிய கையைப் பிடிக்காமல் தள்ளி நின்ற அந்த நோய், எப்போதோ சத்தமில்லாமல் அவளுக்கே வந்துவிட்டிருந்தது. ஒரு இருமல்கூடத் தரவில்லை. மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் செய்தி வந்து விழுந்தது. பரிசோதனை முடிவு. பாப்புவின் வயது, வீட்டு விலாசம், கீழே ஒரே வரி: தொற்று இல்லை. அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸின் அழைப்பு வந்தது.

“மன்னிச்சுக்கங்கம்மா, இங்க செத்துச் செத்துப் பொழைக்கறோம், கூப்பிடவே முடியல. பாப்பு ரிசல்ட் வந்துச்சா?”

“இல்லைன்னு வந்திருக்கு.”

“தொற்று இல்லையா?” மறுமுனையில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகும் சத்தம். “அப்படின்னா அந்தக் காய்ச்சல் வேற. உள்ள தையல் விட்டிருக்கும்மா. கசிஞ்சு வயிறு பூரா பரவியிருக்கும். அதுக்குத்தானே அன்னிக்கே தோள்பட்டை, தோள்பட்டைன்னு கேட்டேன்? இப்போ எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. நல்லா சாப்பிடறா.”

“என்ன சாப்பிடறா?”

“சோறு. ஒரு பானை சோறு. இன்னும் கேக்கறா.”

நர்ஸ் குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள். “அம்மா, அவ வயித்துல அவ்வளவு போகாது. நல்லா இருந்தாலே போகாது. கசிவு இருக்கறவளால ஒரு வாய் தண்ணிகூட முழுங்க முடியாது. இத்தன நாள் மருந்தில்லாம...” நிறுத்தினாள். “நீங்க அவளக் கடைசியா எப்போ கண்ணால பாத்தீங்க?”

அம்மா மூடியிருந்த கதவைப் பார்த்தாள்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா? அங்க யார் சாப்பிடறாங்க?”

அவள் போனைத் தரையில் வைத்தாள். அதிலிருந்து நர்ஸின் குரல் கொஞ்ச நேரம் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. பிற்பகல்தான், ஆனாலும் கூடம் இருட்டிவிட்டது. தையல் மெஷின், அதன்மேல் பாப்புவின் பாதி பிரித்த சட்டை, சுவரில் மாட்டிய அளவு நாடா, எல்லாம் மங்கி ஒன்றோடொன்று கலந்தன. அவள் எழுந்தாள். முகமூடி போட்டுக்கொள்ளவில்லை. கையுறை இல்லை.

வலிக்குது என்று கடைசியாக எப்போது சொன்னாள்? கையைப் பிடிச்சுக்கோ என்று கேட்ட அன்று. அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை. அதற்குப் பிறகு பசிதான்.

வலிக்குது என்று சொன்னது பாப்பு.

“அம்மா,” என்றது உள்ளே.

இம்முறை ‘ம்’ சரியாக ஒட்டவில்லை. உதடு இல்லாத வாய் சொல்லிப் பார்ப்பதுபோல.

முக்காலியை நகர்த்தினாள். கைப்பிடியைத் திருப்பினாள். தாழ் போட்டிருக்கவில்லை. எந்த நாளும் போட்டிருக்கவில்லை. கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. பின்னால் ஏதோ முட்டுக்கொடுத்திருந்தது. மெத்தென்று, கனமாக.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கனம் தரையில் வழுக்கிக்கொண்டு பின்வாங்கியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். மெஷின் நின்ற இடைவெளிகளில் கேட்ட அதே சத்தம்.

உடம்பைச் சாய்த்து உள்ளே நுழைந்தாள்.

ஜன்னல் திரை இல்லை. கட்டிலில் விரிப்பு இல்லை. தலையணை இல்லை. மெத்தையின் ஒரு மூலை இல்லை. கடித்த ரொட்டிபோல வளைந்து, பஞ்சு நீட்டிக்கொண்டிருந்தது. தரை முழுக்க ஈரமான அகலத் தடம். தட்டுகள் எங்கும் இல்லை.

பாப்பு கதவை ஒட்டிய சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை இடது தோளில் விழுந்திருந்தது. கண்கள் பாதி திறந்து, அறையின் மறு மூலையைப் பார்த்தன. ஒரு கண்ணின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, மணிக்கட்டு ஒரு பிடிக்குள் அடங்கும்படி இருந்தாள். ‘இப்படி ஆகணும்’ என்று பெரியம்மா போனில் அனுப்பிய படங்களில் இருந்த பெண்களைவிட மெலிந்திருந்தாள். தோலின் கீழ்ப்பக்கமெல்லாம் ஊதா நிறம் தேங்கியிருந்தது.

அம்மா மண்டியிட்டாள். நெற்றியில் கை வைத்தாள்.

சில்லென்றிருந்தது. என்றோ சில்லிட்டுப்போனது.

“பாப்பு,” என்றாள். “பாப்புக்குட்டி. நான்தான்டி. இப்போ கையப் பிடிச்சுக்கறேன். வாடி.”

பாப்புவின் உதடு அசையவில்லை.

“அ...ஆ,” என்றது.

மடியிலிருந்து.

மடியில் போர்வை இருந்தது. மார்பிலிருந்து முட்டி வரை மூடியிருந்த பழைய நீலப் போர்வை. அது அசைந்தது. வயிறு இருக்கும் இடத்தில். மூச்சில் ஏறி இறங்கும் அசைவு இல்லை. குவிந்தது. விரிந்தது. குவிந்தது. போர்வையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக நடுவை நோக்கி நகர்ந்தன. ஓரம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஓட வேண்டும். இல்லை, ஓடக்கூடாது.

பாப்புவின் மேல் கிடந்து உடம்பைத் தின்னும் அதை, எதுவாக இருந்தாலும், எடுத்தெறிய வேண்டும். அவள் போர்வையைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கத்திலிருந்தும் இழுபட்டது. போர்வை வழுக்கிப் போயிற்று. முழுதும். ஒரு முனைகூட மிச்சமில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கை ஏற்கனவே நீண்டிருந்தது.

பாப்புவின் வயிற்றில், தையல் போட்ட இடத்தில், விரல் நுனியில் வெதுவெதுப்பு பட்டது. அந்தச் சில்லிட்ட உடம்பில் அங்கே மட்டும் வெதுவெதுப்பு. ஈரம். அது விரலைத் தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தட்டுத்தடுமாறி. பற்றியது.

பல் இல்லை. மெத்தென்ற ஈறு. அதன் பின்னால் ஒரு நாக்கு.

விரலை உருவிக்கொள்ள வேண்டும் என்று அம்மா நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பிடி அவளுக்குத் தெரியும். பிரசவமான அன்று, கண்கூடத் திறக்காத பாப்பு முதன்முதலாக மார்பைத் தேடிப் பற்றினாளே, அதே பிடி. அதே சீர். இழுத்து, நிறுத்தி, விழுங்கி. இழுத்து, நிறுத்தி, விழுங்கி.

விரல்கள் போயின. உள்ளங்கை போயிற்று.

வலிக்கவில்லை.

மணிக்கட்டு.

பாப்பு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் எப்போதோ போய்விட்டாள். மழை ஜன்னல் கம்பியில் அடித்துச் சிதறியது. கூடத்தில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பெரியம்மாவாக இருக்கும். இன்று என்ன எடை என்று கேட்க.

முழங்கை வரை வெதுவெதுப்பு ஏறியது. அம்மா சத்தம் போடவில்லை. சுவரில் சாய்ந்து, மகளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் பட வசதியாக உட்கார்ந்துகொண்டாள். மிச்சமிருந்த அவளுடைய இடது கை, யாரும் சொல்லாமலே, பாப்புவின் வயிற்றுக்கு மேல் போய், பால் குடிக்கும் குழந்தையைத் தட்டுவதுபோல மெல்ல, சீராகத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தது.